வானமா, களஞ்சியமா?

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்று சொல்லிச் சொல்லியே எம்மை வளர்த்தார் எம் தந்தையார். அந்தப் பழமொழி பெண்பிள்ளைகளுக்கும் பொருந்தும் காலம் வந்து நெடுநாளாயிற்று. ஆயினும் எம் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, “மாமா, நான் கடற்படையில் அதிகாரியாகச் சேரப் போகிறேன். விமானியாவதா, வழங்கற் பகுதிக்குப் போவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று கேட்டு நின்றபோது, எமக்குச் சிறிது நேரம் வாய் எழவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எம் தங்கை திருச்சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டு முப்பதாண்டாகிறது. மைத்துனர் அவ்வூரார். மகளும் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்தவள். 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் அவள் இயந்திரப் பொறியியலில் இறுதியாண்டு மாணவி. பொங்கலுக்குத் தாயும் மகளும் கொழும்பு வழியாகத் திருகோணமலைக்கு வந்திருந்தார்கள். இந்தியக் கடற்படையின் குறுகிய காலச் சேவைக்கு மாசி மாதத்தில் விண்ணப்பம் கோருவார்கள் என்றும், எந்தக் கிளையை முதலில் விரும்புகிறோம், எதை இரண்டாவதாக விரும்புகிறோம் என்று அதிலே வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்றும் அவள் விளக்கினாள். இரண்டு கிளைகள் அவள் மனத்தில் இருந்தன. ஒன்று வானம். மற்றையது களஞ்சியம்.

எம்மிடம் ஏன் கேட்டாள் என்று வாசகர்கள் வினவலாம். நாம் கடற்படையைக் கரையில் நின்று பார்த்தவரேயன்றி வேறல்ல. ஆனால், ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் களஞ்சியசாலையில் முப்பத்தொரு வருடம் திறப்புக்கோவையும் பேரேடுமாக வாழ்ந்து ஓய்வுபெற்றவர் நாம். களஞ்சிய வேலை எப்படிப்பட்டது என்பதைக் குடும்பத்தில் அறிந்தவர் நாம் ஒருவரே.

தங்கை அதற்கு முன்பே எம்மைத் தனியே அடுக்களைக்கு அழைத்துச் சென்று, “அண்ணா, அவள் உங்கள் சொல்லைத்தான் கேட்பாள். களஞ்சிய வேலை நல்ல வேலை, மதிப்பான வேலை, பயமில்லாத வேலை என்று சொல்லுங்கள். ஆகாயம் மட்டும் வேண்டாம்” என்று கண் கலங்கக் கேட்டிருந்தாள். நாம் தலையை ஆட்டிவிட்டோம். ஆட்டிய தலைக்கு மாறாகப் பின்னர் நடந்துகொண்டோம் என்பதுதான் இக்கட்டுரையின் கதை.

கடற்படை என்ற சொல்லைக் கேட்டதும் நம் கரையோர மக்கள் சிலரின் முகம் மாறுவதை நாம் மறைக்கப் போவதில்லை. 1987 முதல் 1990 வரை இந்தியப் படையினர் இங்கே இருந்த காலத்தை மறவாதவர்களும் எம் உறவினருள் உளர். பிள்ளையின் எண்ணத்தைக் கேட்டு அவர்கள் முகஞ் சுளித்தார்கள். அவர்களுக்கு அதற்குரிய காரணங்கள் உண்டு. ஆனால் அவளோ தான் பிறந்த நாட்டின் சேவையில் சேர விரும்பும் பிள்ளை. அவளுடைய கேள்விக்கு அவளுடைய நிலையில் நின்றே மறுமொழி சொல்ல வேண்டும் என்று நாம் தீர்மானித்தோம்.

அவள் தாளும் பேனாவுமாகத் திண்ணையில் அமர்ந்து எமக்குப் பாடம் நடத்தினாள். எந்தக் கிளையாயினும் முதற்கட்டம் ஒன்றுதான். தெரிவுச் சபையின் முன் ஐந்து நாள் இருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையும், மனோதத்துவப் பரீட்சையும், குழுவாகச் செய்யும் வேலைகளும், நேர்முக விசாரணையும் அங்கே நடக்கும். தேறினால் மருத்துவப் பரிசோதனை. அதன்பின் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், எழிமலையில் உள்ள கடற்படைக் கல்விக்கூடத்திற் பயிற்சி. எழிமலைக்கு அப்பால்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

விமானியாக விரும்புவோருக்கு அதற்கு முன்பே ஒரு தடை உண்டு. கருவி முகப்புகளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கவும், கையையும் காலையும் ஒருங்கே இயக்கித் திரையில் ஓடும் புள்ளியை அதன் இடத்தில் நிறுத்தவும் இயலுமா என்று சோதிக்கும் தனிப் பரீட்சை அது. மைசூரு போன்ற சில இடங்களில் நடைபெறுகிறது. இதன் கடுமை எதுவென்றால், ஒருவர் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் இதற்குத் தோற்றலாம். தவறினால் தவறியதுதான். கண்பார்வை மட்டுமன்றி, உட்கார்ந்த நிலையில் உயரம் எவ்வளவு, கால்களின் நீளம் எவ்வளவு என்றெல்லாம் அளக்கிறார்கள். விமானத்தின் ஆசனம் மனிதருக்காக வளைந்துகொடுக்காது. மனிதர்தான் ஆசனத்துக்குப் பொருந்த வேண்டும். வயதெல்லையும் வழங்கற் பகுதியை விட ஓராண்டளவு குறைவு. “அடுத்த வருடம் பார்ப்போம்” என்று தள்ளிப்போட இடமில்லை.

தேறியவர்கள் வானூர்தியை ஓட்டக் கற்று, பின்னர் மூன்று வழிகளில் ஒன்றிற் செல்வார்கள். கடலோரத்தைக் காவல்செய்யும் டோர்னியர் போன்ற விமானங்கள் ஒரு வழி. ஹெலிகொப்டர் மற்றொன்று. விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து எழும் போர் விமானம் மூன்றாவது. ஹெலிகொப்டர் விமானிகளைப் பயிற்றும் பள்ளி தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் இருக்கிறது. 1992இல் அங்கே திறக்கப்பட்ட ‘ராஜாளி’ என்னும் விமானத் தளத்திலேயே நீர்மூழ்கிகளைத் தேடும் பெரிய பீ-8ஐ விமானங்களும் நிற்கின்றன. இராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ள தளத்தின் பெயர் ‘பருந்து’. தலைமன்னாரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அக்கரை. இந்தப் பெயரைக் கேட்டதும் எமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. யாரோ நல்ல தமிழறிந்தவர் வைத்த பெயர்.

பெண்களுக்கு இந்த வழி திறந்தது அண்மையிலேயே. 2019ஆம் ஆண்டு மார்கழி 2ஆம் திகதி கொச்சியில் சப்-லெப்டினன்ட் சிவாங்கி என்பவர் இந்தியக் கடற்படையின் முதற் பெண் விமானியானார். வழங்கற் பகுதியோ, மருத்துவர் நீங்கலாக, பெண்களை அதிகாரிகளாக முதன்முதல் 1992இற் சேர்த்தபோதே சட்டம், கல்வி என்பவற்றுடன் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்ட கிளை. நிரந்தரச் சேவை கிடைக்க வழிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 பங்குனியில் வந்தது. இவற்றையெல்லாம் எமக்கு அவள்தான் சொன்னாள்.

வழங்கற் பகுதியைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் சற்றே தாழ்ந்தது. நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். “கடற்படைக்குப் போய் அரிசி நிறுக்கப் போகிறாயா?” என்கிறார்களாம். எமக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் அதைத்தானே செய்தோம்!

கேலியின் வேர் பழையது. எம் தந்தையார் இளமையில், ஆங்கிலேயர் காலத்தில், திருகோணமலைக் கடற்படைத் துறையிலிருந்த உணவுக் களஞ்சியத்தில் எழுத்தராயிருந்தவர். அந்நாளிற் பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளின் சட்டைக் கையில் தங்கநிற வரிகள் இருக்கும். போரிடும் அதிகாரிகளுக்கு வரிகள் மட்டும். மற்றவர்களுக்கோ வரிகளுக்கிடையே நிறத் துணி ஒன்று தெரியும். மருத்துவருக்குச் சிவப்பு. பொறியியலாளருக்கு ஊதா. சம்பளமும் உணவும் பார்க்கும் அதிகாரிகளுக்கு வெள்ளை. தூரத்தில் வரும்போதே, இவர் சுடுபவர், இவர் சோறு போடுபவர் என்று பிரித்தறியலாம். 1955இல் மருத்துவர் முதலிய சிலரைத் தவிர மற்றவர்களின் நிறத் துணிகளை நீக்கிவிட்டார்கள். துணி போய்விட்டது; துணி சொன்ன பேதம் மனிதர் மனத்திலிருந்து அவ்வளவு விரைவாகப் போகவில்லை. அப்பா அந்த அதிகாரிகளை “வெள்ளைத்துணித் துரைமார்” என்பார். அவர்கள்மேல் அவருக்கு மிகுந்த மரியாதை.

மறுநாட் காலை முச்சக்கர வண்டி ஒன்று பிடித்து அவளைச் சீனன்குடாவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே மரங்களுக்கிடையே பழைய எண்ணெய்த் தாங்கிகள் தலைகாட்டும். நூறளவில் அவற்றை ஆங்கிலேயர் கட்டினார்கள். வீதியோரம் நின்றபடி அப்பா சொன்ன கதையை அவளுக்குச் சொன்னோம்.

1942ஆம் ஆண்டு சித்திரை 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 8ஆம் திகதி, அடுத்தது திருகோணமலை என்ற எச்சரிக்கை வந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியேறச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று ‘ஹேர்மிஸ்’. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் என்ற பெருமை அதற்குண்டு. ஆனால் அன்றிரவு அது புறப்பட்டபோது அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் இந்தச் சீனன்குடாத் தரையில் நின்றன. 9ஆம் திகதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. அதே காலையில் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஹேர்மிஸை ஜப்பானிய விமானங்கள் கண்டுகொண்டன. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணைக்குச் சென்ற ‘வாம்பயர்’ என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. அன்று மூழ்கியவற்றுள் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அடங்கும். ஹேர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு நேரே கடலடியிற் கிடக்கிறது.

எம் எண்ணம், விமானமில்லாத விமானந்தாங்கி எவ்வளவு கையாலாகாதது என்பதை அவளுக்கு உணர்த்துவது. “பார்த்தாயா பிள்ளை, பறக்க ஆளில்லாவிட்டால் அத்தனை இரும்பும் வீண்” என்றோம்.

அவள் எரிந்த தாங்கி நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, அந்த எண்ணெய்க் கணக்கை யார் வைத்திருந்திருப்பார்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நாம் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனெனில் எமக்குச் சொந்தமாக ஓர் எண்ணம் இருந்தது. அவள் பறக்க வேண்டும் என்பதே அது.

தங்கைக்குத் தலையாட்டிய நாம் ஏன் இப்படி எண்ணினோம்? சிறுவனாக இருந்தபோது, 1960களில், இதே சீனன்குடா ஓடுதளத்தில் விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே பள்ளி விட்டதும் துவிச்சக்கர வண்டியில் வருவோம். ஓர் அப்பியாசக் கொப்பி நிறைய விமானங்களை வரைந்து வைத்திருந்தோம். பன்னிரண்டாம் வயதில் மூக்குக்கண்ணாடி வந்தது. அத்துடன் அந்தக் கதை முடிந்தது. அப்பா, “அதனாலென்ன, கணக்குப் பேரேட்டை வாசிக்கக் கண்ணாடி போதும்” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அந்தக் கொப்பி இன்றும் எம் அலுமாரியில் இருக்கிறது.

ஆகவே அன்றிரவு திண்ணையில் அமர்ந்து அவளுக்கு நாம் செய்த பிரசங்கம் முழுவதும் ஒருபக்கமாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டு வைகாசி 18ஆம் திகதி பழைய விக்ராந்த் கப்பலின் தளத்திற் சீஹோக் விமானத்தை இறக்கிய தஹிலியானி என்ற இளம் லெப்டினன்ட் பின்னாளில் இந்தியக் கடற்படைக்கே தளபதியானதைச் சொன்னோம். 2022இற் சேவைக்கு வந்த புதிய விக்ராந்தின் தளம் 262 மீற்றர் நீளமேயாயினும், போர் விமானம் அதில் இறங்கும்போது வாலிலுள்ள கொக்கி தளத்தின் குறுக்கே இழுத்துக்கட்டிய கம்பியைப் பற்றி நிற்க வேண்டும் என்றும், பற்றாவிட்டால் மறுபடி எழுந்து பறக்க ஏதுவாக, இறங்கும் அந்தக் கணத்திலேயே விமானி வேகத்தைக் கூட்டிக்கொள்வார் என்றும் வருணித்தோம். நிற்பதற்காக வருகின்றவர் பறப்பதற்கும் ஆயத்தமாயிருக்கும் அந்த நொடியை வாழ்வில் ஒருமுறையேனும் காணக் கொடுத்துவைக்க வேண்டும் என்றோம். சேவை முடிந்தபின் பயணிகள் விமானம் ஓட்டப் போகலாம் என்ற உலகியலையும் சேர்த்துக்கொண்டோம். உள்ளேயிருந்து தங்கை பாத்திரங்களைப் பலமாக வைக்கும் ஓசை கேட்டது.

“சரி மாமா, களஞ்சியத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றாள் மருமகள்.

களஞ்சியத்தைப் பற்றி நல்லதைச் சொல்லாமல், எம் உத்தியோக வாழ்க்கையில் நாம் மறக்க விரும்பும் ஒரு நாளைச் சொன்னோம். இப்படி ஒரு வேலைக்கா போகப் போகிறாய் என்று அவள் திகைக்க வேண்டும் என்பதே எம் நோக்கம்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி, பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த நாட்களில் இந்தியக் கடற்படையின் கப்பல்கள் திருகோணமலைக்கும் காலிக்கும் நிவாரணத்துடன் வந்தன. வேறு நாடுகளிலிருந்தும் வந்தன. எம் திணைக்களம் ஒரு பாடசாலை மண்டபத்தை எம் பொறுப்பில் விட்டது. பனிநாட்டுக் கம்பளிச் சட்டைகள் ஒரு மலை. யாராலும் வாசிக்க முடியாத மொழியிற் பெயரெழுதிய மருந்துப் பெட்டிகள் ஒரு மலை. அரிசி மூட்டைகள் ஒரு பக்கம். நாம் மூன்று நாள் தூங்கவில்லை.

நான்காம் நாள் மாலை, பாதை துண்டிக்கப்பட்ட ஒரு கரையோரக் கிராமத்துக்கு ஹெலிகொப்டர் போகிறது, அரை மணி நேரத்திற் சுமை ஆயத்தமாக வேண்டும் என்று ஆள் வந்தது. நாம் அரிசி மூட்டைகளை ஏற்றுவித்தோம். பருப்பு ஏற்றுவித்தோம். கணக்கெழுதிக் கையொப்பமும் வாங்கினோம். இருள் கவிவதற்கு முன் விமானி அதைக் கொண்டுபோய், நிற்க இடமில்லாத மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கிராமத்திலிருந்து ஒருவர் நடந்தும் தோணியிலுமாக எம்மைத் தேடி வந்தார். கோபிக்கவில்லை. “ஐயா, அரிசி வந்தது. சமைக்கச் சட்டியில்லை. நெருப்புப் பெட்டியில்லை. கிணறெல்லாம் உப்பு. பிள்ளைகளுக்கு அரிசியை மெல்லக் கொடுத்தோம்” என்றார். சட்டிகள் எம் மண்டபத்தின் வலது மூலையில் இருந்தன. தண்ணீர்ப் போத்தல்கள் வாசலிலேயே அடுக்கியிருந்தன. ஏற்ற வேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. அவசரத்தில் கைக்கெட்டியதை ஏற்றினோம். அடிமூட்டைகள் ஈரம் பிடித்துப் புளித்திருந்ததாகவும் அவர் சொன்னார். அதையும் நாம் பார்க்கவில்லை.

“விமானி செய்ய வேண்டியதைச் செய்தார். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு செய்தார். தவறு எம்முடையது. இருபது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. களஞ்சியத்தில் இருப்பவனுக்குக் கிடைப்பது இதுதான், பிள்ளை. சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. பிழைத்தால் யாரோ ஒரு பிள்ளை அரிசியை மெல்லும்” என்று முடித்தோம்.

அவள் ஒன்றும் பேசவில்லை. எம் பிரசங்கம் பலித்துவிட்டது என்று எண்ணி நாம் படுக்கப் போனோம்.

காலையில் அவள் எழுதிய தாளைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் விருப்பம் வழங்கற் பகுதி. இரண்டாவது விமானி.

எமக்கு வந்த ஏமாற்றத்தை வாசகர்களிடம் மறைக்கவில்லை. ஏமாற்றத்தில் தகாத சொல் ஒன்றும் வந்துவிட்டது. “அம்மாவுக்குப் பயந்துவிட்டாயா, அல்லது அந்த ஒருமுறைப் பரீட்சைக்குப் பயந்துவிட்டாயா?” என்று கேட்டோம். அவள் அன்று முழுவதும் எம்மோடு பேசவில்லை. தங்கையோ, நாம் தான் சொன்னபடியே செய்துவிட்டோம் என்று நம்பி, எமக்குப் பிடித்த கணவாய்க் கறி சமைத்துப் போட்டாள். அந்தக் கறியை நாம் குற்றவாளியைப் போல உண்டோம்.

மாலையில் அவளே வந்து அருகில் அமர்ந்தாள். கையில் எம் பழைய அப்பியாசக் கொப்பி. அலுமாரியில் எதையோ தேடும்போது கண்டாளாம்.

“மாமா, பறப்பது உங்களுடைய ஆசை. அது என்னுடையது என்று இரண்டு வருடம் நானும் நினைத்திருந்தேன். எல்லாரும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் நேற்று நீங்கள் விமானந்தாங்கியைப் பற்றிச் சொன்னபோது, அந்த ஆயிரத்தறுநூறு பேருக்கும் நடுக்கடலில் மூன்று வேளை யார் சமைப்பார், அந்தக் கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி கப்பலில் எந்த அறையில் இருக்கும் என்றுதான் என் மனம் ஓடியது. விமானத்தைக் கண்டால் உள்ளே என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றுகிறவள் நான். அந்தச் சட்டிகள் வலது மூலையில் இருந்தன என்று நீங்கள் சொன்னீர்களே, இருபது வருடத்துக்குப் பிறகும் அது எந்த மூலை என்று உங்களுக்குத் தெரிகிறது. அந்த வேலை சின்ன வேலையா?” என்றாள்.

எமக்கு மறுமொழி இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டோம். மாமன் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது எம் குடும்பத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

பெங்களூரில் ஐந்து நாளும் நன்றாக நடந்தன. மருத்துவப் பரிசோதனையில் அவளுடைய பார்வை மிகத் திருத்தமாக இருந்ததாம். விமானிக்கும் போதுமான கண் என்றாராம் மருத்துவர். அதைத் தொலைபேசியில் அவள் சொன்னபோது எம் நெஞ்சில் சிறு நோவொன்று எழுந்து அடங்கியது. 2025 தை மாதத்தில் எழிமலைக்குப் போனாள்.

தங்கையின் நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவர் 2024 ஐப்பசி 2ஆம் திகதி கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்க்கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டிருந்தார்கள். ஐம்பத்தாறு அடி நீளமான படகு. வேறு துணை கிடையாது. ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. ஆயுதப் பரிசோதனைக் கிளை. மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. 2025 மாசி மாதத்தில் அவர்கள் தென்னமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹோர்னைச் சுற்றியபோது, அந்தப் பேரலைக் கடலைப் பற்றிய செய்தியைத் தங்கை பார்த்திருக்கிறாள். இரவு பத்து மணிக்கு எமக்குத் தொலைபேசி வந்தது.

“அண்ணா, அந்தத் தில்னா எந்தக் கிளை தெரியுமா?”

தெரியும் என்றோம்.

“வழங்கற் பகுதி! நீங்கள் சொன்ன பயமில்லாத வேலை இதுதானா?”

அப்படிச் சொன்னவர் நாமல்ல, அவளே என்று ஞாபகப்படுத்தும் துணிவு எமக்கு வரவில்லை. அந்த இரு அதிகாரிகளும் வைகாசி 29ஆம் திகதி கோவாவுக்கு நலமாகத் திரும்பினார்கள். அன்று தங்கை கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனாளாம். யாருக்காக என்று நாம் கேட்கவில்லை.

எழிமலைப் பயிற்சி முடிந்து, வழங்கற் பகுதி அதிகாரிகளைப் பயிற்றும் மும்பாயின் ‘ஹம்லா’வுக்குப் போனதும் பிள்ளை எமக்கு ஒரு கடிதம் எழுதினாள். கைப்படத் தமிழில் எழுதிய கடிதம். நான்கு பக்கம். சம்பளக் கணக்கு, உடைக் கணக்கு, கப்பலின் உதிரிப்பாகங்கள், குளிரறையில் இறைச்சியும் காய்கறியும் வைக்கும் முறை என்று பாடங்கள் பல. நடுக்கடலில் எண்ணெய்க் கப்பலும் போர்க்கப்பலும் அருகருகே ஒரே வேகத்தில் ஓட, இடையிலே குழாயைத் தொடுத்து எண்ணெய் மாற்றும் வித்தையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். எமக்கு விமானம் எப்படியோ அவளுக்கு அது அப்படி என்பதை அந்த இரண்டு பக்கங்களும் காட்டின. விக்ராந்தைப் பற்றி ஒரு வரிதான். அதுவும் அதன் சமையலறை எவ்வளவு பெரியது என்று.

கடைசியில் ஒரு கேள்வி. “மாமா, சட்டிகளைப் பற்றி நான் மறக்க மாட்டேன். ஆனால் அடிமூட்டைகள் நனைந்திருந்ததை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லவில்லை. மூட்டைகளைக் கலைக்காமல், வெளிச்சமும் இல்லாமல், அரை மணி நேரத்தில் எப்படி அறிவது? இங்கே பாடத்தில் இன்னும் அது வரவில்லை.”

அன்றே மறுமொழி எழுதினோம். அடுக்கின் அடிவரிசையில், சுவரோடு சேர்ந்த மூட்டையையே முதலிற் பார்க்க வேண்டும். வெளிச்சம் தேவையில்லை. தைத்த வாயிலில் இரண்டு விரல் நுழையுமளவு நூலைத் தளர்த்தி, கையை மணிக்கட்டுவரை உள்ளே விட வேண்டும். நல்ல அரிசி குளிர்ச்சியாக இருக்கும், விரலிடுக்கில் ஓடும். நனைந்த அரிசியில் இளஞ்சூடு இருக்கும், கையில் ஒட்டும். வெளியே எடுத்த கையை மோந்து பார். பிறகு மறவாமல் வாயிலைத் தைத்துவிடு.